மின்வேலை கற்போர்க்கு முதற் கருவிகள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி வருவோர், ரிங்லெட் பட்டணத்தைக் கடந்ததும் சாலையோரத்தில் விரிந்து கிடக்கும் ஏரியைக் காண்பர். பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1960 ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையினால் உண்டான ஏரி அது. தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே திருப்பப்பட்டு அதனோடு சேர்கிறது. அங்கிருந்து சுரங்க வழியாகப் பாய்ந்திறங்கும் நீர், ஜோர் என்னுமிடத்தில் பூமிக்கடியில் அமைந்துள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகின்றது. அந்நிலையத்தின் திறன் 100 மெகாவாட்.

ஆக, நாம் தேயிலைக் கொழுந்து கிள்ளும் இம்மலை, தேயிலைக்கு மட்டுமன்றி மின்சாரத்திற்கும் பிறப்பிடமாகும். 1929 ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இம்மலைச் சரிவுகளில் காடு வெட்டித் தேயிலைக் கன்று நட்ட நம் முன்னோர், இரவில் எண்ணெய் விளக்கின் ஒளியில் உண்டு உறங்கினர். இன்றோ லயத்து வீடுகளிலும் சோற்றுப் பானை மின்சாரத்தில் வேகிறது. குளிருக்கு இதமாகக் குளிக்கும் நீரும் மின்சாரத்தில் சுடுகிறது. ஆயினும், மின்சாரம் வீட்டிற்குள் வந்துவிட்ட அளவிற்கு மின்சாரத்தைப் பற்றிய அறிவு வீட்டிற்குள் வந்திருக்கின்றதா? இக்கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகளுள் பலர் வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதிலும், பழுதான சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பதிலும் ஆர்வம் காட்டுகின்றனர். பாராட்டத்தக்க ஆர்வம்தான். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய திருப்புளியும், சமையற்கட்டுக் கத்தியும், இரண்டு வெள்ளிக்கு வாங்கிய டெஸ்ட் பென்னும்தான். ஆர்வத்திற்கு ஏற்ற கருவி இல்லாதபோது, அந்த ஆர்வமே ஆபத்தாகிவிடக்கூடும். ஆகவே, மின்வேலையும் மின்னணு வேலையும் புதிதாகக் கற்க விரும்புவோர் எந்தெந்தக் கருவிகளை, எந்த வரிசையில், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் எல்லையை அறிவோம்

கருவிப் பட்டியலுக்குச் செல்லுமுன் ஓர் எல்லைக்கோட்டை வரைந்துகொள்ளுதல் வேண்டும். மின்சாரத்தைக் கொண்டு நாம் செய்யும் வேலைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மின்கலத்தால் இயங்கும் வேலை. கைவிளக்கு, சிறு வானொலி, 9 வோல்ட் மின்கலத்தைக் கொண்டு கட்டும் சிறு சுற்றுகள் ஆகியவை இதில் அடங்கும். கற்றுக்கொள்வோர்க்கு இதுவே பள்ளிக்கூடம். இங்கே தவறு செய்தால் ஒரு சிறு விளக்குக் கருகும், அவ்வளவே.

இரண்டாம் வகை, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பின், அதாவது மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரித்தெடுத்த பின், சாதனத்தில் செய்யும் எளிய வேலை. பிளக்கை மாற்றுதல், பியூஸ் மாற்றுதல், அறுந்த வயரைச் சோதித்தல் போன்றவை இவ்வகையின.

மூன்றாம் வகை, வீட்டின் நிலையான மின்னிணைப்பு. சுவிட்சுப் பலகை, பியூஸ் பெட்டி, சுவரிலுள்ள சாக்கெட்டு, கூரையில் ஓடும் வயர் ஆகியவை. 1990 ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டமும், 1994 ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளும் இவ்வேலையைத் தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பில் விட்டுள்ளன. மலாய் மொழியில் ‘பெண்டாவாய்’ எனப்படும் வயரிங் தொழிலாளர், எரிசக்தி ஆணையமாகிய சுருஹன்ஜாயா தெனாகா வழங்கும் சான்றிதழைப் பெற்றவராவார்.

ஆகவே, நாம் கூறப்போகும் கருவிகள் யாவும் முதல் இரண்டு வகை வேலைகளுக்கே உரியவை. நல்ல கருவி கையில் வந்துவிட்டதனாலேயே மூன்றாம் எல்லைக்குள் நுழையும் உரிமை வந்துவிடாது. தோட்டத்து வீட்டின் சுவரிலுள்ள மின்னிணைப்பு பழுதுபட்டால், அதைச் சீர்செய்யும் பொறுப்பு நம்முடையதன்று. தொழிலாளர்க்குத் தோட்டம் அளிக்கும் வீடுகள் நல்ல நிலையில் பேணப்பட வேண்டுமென்பதை 1990 ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதித் தரச் சட்டம் முதலாளிமார்க்குக் கடமையாக்கியுள்ளது. நிருவாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலொன்றை வைத்துக்கொள்வதே முறை.

மலையின் ஈரமும் உடலின் தாங்குதிறனும்

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கு எண்களே விடை கூறட்டும்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். முன்னர் 240 வோல்ட் என்றிருந்தது. 2008 ஆம் ஆண்டு முதல் 230 வோல்ட் என்பதே நாட்டின் பெயரளவு மின்னழுத்தமாக ஏற்கப்பட்டுள்ளது. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். ஆனால் நனைந்த தோலோடு உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடக்கூடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் கிடைக்கும். உயிர்காக்கும் மின்கசிவுத் துண்டிப்பானோ வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனேயே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. ஈரமான குளியலறையிலுள்ள நீர் சூடேற்றிக்கு 10 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் பயன்படுத்தப்படுகிறது. நனைந்த கையில் பாயக்கூடிய மின்சாரம், அந்தப் பாதுகாப்பு அளவைப் போல் பல மடங்கு என்பதை உணர்க.

கேமரன் மலையிலோ ஈரத்திற்குக் குறைவில்லை. விடியலில் பனிமூட்டம், பிற்பகலில் மழை, கொழுந்து கிள்ளித் திரும்பும்போது நனைந்த உடை, சிமெண்டுத் தரையிலும் ஈரம். சமவெளியில் ஒருவருக்கு ‘சுரீர்’ என்ற அதிர்ச்சியோடு போகும் தவறு, இங்கே உயிரையே பறிக்கக்கூடும். ஆகையால் நம்மவர்க்குரிய முதல் விதி: கை, கால், தரை, கருவி ஆகிய நான்கும் உலர்ந்திருந்தாலன்றி வேலையைத் தொடங்கலாகாது.

திருப்புளிகள்

ஒரு பெட்டியில் முப்பது நாற்பது துண்டுகள் அடங்கிய மலிவான கருவித் தொகுதி கண்ணைக் கவரும். அதை வாங்க வேண்டா. அவற்றுள் பெரும்பான்மை ஒருநாளும் பயன்படாதவை. பயன்படும் சிலவும் மெல்லிய இரும்பினாலானவை. தொடக்கத்திற்கு நான்கு திருப்புளிகள் போதும்: 3 மில்லிமீட்டர் அகலத் தட்டை முனையுடைய ஒன்று, 5 அல்லது 6 மில்லிமீட்டர் தட்டை முனையுடைய ஒன்று, நட்சத்திர முனையில் 1 ஆம் எண், 2 ஆம் எண் ஆகிய இரண்டு.

முனை திருகின் பள்ளத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். சிறிய முனையைப் பெரிய திருகில் வைத்து முறுக்கினால் திருகின் தலை தேய்ந்துவிடும். தேய்ந்த திருகை இறுக்க இயலாது; இறுகாத இணைப்பில் வெப்பம் உண்டாகும்; அவ்வெப்பமே பிளக் உருகுவதற்கும் தீப்பிடிப்பதற்கும் ஒரு காரணமாகிறது. சிறு திருப்புளிதானே என்று நாம் எண்ணுவதற்குள் இத்தனை பொருள் அடங்கியுள்ளது.

கைப்பிடியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மின்காப்புச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட கருவிக்கு அக்குறி இடப்படும். நிறமூட்டிய பிளாஸ்டிக் உறை மட்டும் இருந்தால் அது கை வழுக்காமலிருக்க உதவும். அதை மின்காப்பு என்று நம்பலாகாது. 1000 வோல்ட் என்று எழுதியிருப்பதால் மின்சாரம் ஓடும்போதே வேலை செய்யலாம் என்று பொருள்கொள்வதும் தவறு. நாம் அறியாமல் நேரும் பிழைக்கு அது இரண்டாவது அரண். முதல் அரண் மின்சாரத்தைப் பிரித்துவிடுதலேயாகும்.

குறடுகளும் வயர் உரிப்பானும்

குறடுகளில் மூன்று வேண்டும். பிடிக்கவும் முறுக்கவும் பயன்படும் பொதுக் குறடு ஒன்று. நெருக்கமான இடத்தில் வயரின் முனையை வளைக்க உதவும் நீள்மூக்குக் குறடு ஒன்று. வயரை வெட்டும் பக்கவெட்டுக் குறடு ஒன்று. வாங்குமுன் குறட்டை மூடி வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி தெரிந்தால் அது வயரை வெட்டாது, நசுக்கும். கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆணி தளர்ந்து ஆடினால் வேண்டாமென்று வைத்துவிடுங்கள்.

வயரின் மேலுறையை உரிப்பதற்குப் பலர் கத்தியையும், சிலர் பல்லையும் பயன்படுத்துகின்றனர். இரண்டும் கூடா. கத்தி செம்பில் சிறு வெட்டை உண்டாக்கிவிடும். அவ்வெட்டு விழுந்த இடத்தில் கம்பி மெலிகிறது; பலமுறை வளைந்தபின் அவ்விடத்திலேயே முறிகிறது. பல இழைகள் கொண்ட வயரில் சில இழைகள் அறுந்தால், மீந்த இழைகளே முழு மின்னோட்டத்தையும் சுமந்து சூடேறுகின்றன. ஆகவே 0.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் வரை அளவுக்குறி பொறித்த வயர் உரிப்பான் ஒன்று வாங்குதல் நலம். அதன் விலை, ஒரு புதிய சோற்றுப் பானையின் விலையைவிட மிகக் குறைவு.

டெஸ்ட் பென் கூறும் பாதி உண்மை

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் கருவி டெஸ்ட் பென். மிகுதியாக நம்பப்படும் கருவியும் அதுவே. அது எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

அதன் உடலுக்குள் ஒரு சிறு நியோன் விளக்கும், ஏறத்தாழ 10 லட்சம் ஓம் மின்தடையும் உள்ளன. முனையை லைவ் கம்பியில் வைத்து, மறுமுனையை விரலால் தொடும்போது, மின்சாரம் அந்தத் தடை வழியாகவும், நியோன் வழியாகவும், நம் உடல் வழியாகவும் தரைக்குச் செல்கின்றது. 230 வோல்ட்டை 10 லட்சம் ஓமால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர்தான் வரும். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தை நாம் உணர்வதில்லை. விளக்கு மட்டும் சிவந்து ஒளிர்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஓர் இளைஞர் தடித்த ரப்பர்ச் செருப்பணிந்து, உலர்ந்த மரப்பலகையின்மேல் நின்று சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரைக்குச் செல்லும் பாதை குறைந்துவிடுவதால் நியோன் மிக மங்கலாக எரியலாம். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். நியோன் விளக்குப் பழுதாகியிருந்தாலும் அது எரியாது. ‘விளக்கு எரியவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை’ என்று அவர் கம்பியைப் பிடித்தால், கருவியே அவரைப் பொய்யான நம்பிக்கைக்கு உள்ளாக்கிவிடுகிறது. இனி, அதன் உட்புறம் நனைந்திருந்தாலோ தடையைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் பாய வழியுண்டு. ஆதலின் மழையில் நனைந்த டெஸ்ட் பென்னைத் தொடவே கூடாது.

சுருங்கக் கூறின், டெஸ்ட் பென் எரிந்தால் ‘மின்சாரம் உண்டு’ என்று நம்பலாம். எரியாவிட்டால் ‘மின்சாரம் இல்லை’ என்று நம்பலாகாது.

மல்டிமீட்டர்: உண்மையைக் கூறும் கருவி

மின்வேலையின் முதுகெலும்பு அளவீடே. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை எண்ணாக மாற்றிக் காட்டுவது மல்டிமீட்டர். தொடக்கக் காலத்தில் பணம் ஒரு கருவிக்கு மட்டுமே போதுமானால், இக்கருவிக்கே அது செலவாக வேண்டும் என்பது நம் கருத்து.

முள் ஆடும் பழைய வகையும், எண் காட்டும் புதிய வகையும் கடைகளில் உள்ளன. புதிதாகக் கற்போர்க்கு எண் காட்டும் வகையே எளிது. வாங்கும்போது நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, ‘கேட் 3, 600 வோல்ட்’ என்னும் பாதுகாப்புத் தரம் மீட்டரிலும் அதன் கம்பிகளிலும் குறிக்கப்பட்டிருத்தல். இரண்டு, உள்ளே முறையான பியூஸ் இருத்தல். மூன்று, இணைப்பு அறுபடாமலிருந்தால் ஒலியெழுப்பும் வசதி. நான்கு, முனைக்கம்பியின் கைப்பிடியில் விரல் சறுக்காதபடி தடுப்பு விளிம்பு.

மல்டிமீட்டரால் விளையும் பெருந்தவறும் ஒன்றுண்டு. மின்னோட்டத்தை அளக்கும் 10 ஆம்பியர்த் துளையில் சிவப்புக் கம்பியைச் செருகியவாறே மறந்துவிட்டு, பின்னர் சாக்கெட்டின் மின்னழுத்தத்தை அளக்க முற்பட்டால், மீட்டர் ஒரு வெற்றுக் கம்பியைப் போலாகிக் குறுக்குச் சுற்று ஏற்படும். தரங்குறைந்த மீட்டர் கையிலேயே வெடித்துச் சிதறக்கூடும். கற்போர் சாக்கெட்டில் மீட்டரைச் செருகிப் பழக வேண்டா. மின்கலத்தை அளந்து பழகுங்கள். மின்சாரத்திலிருந்து பிரித்தெடுத்த சாதனத்தின் தடையை அளந்து பழகுங்கள்.

அனுபவமிக்க தொழிலாளர் கையாளும் ஒரு முறையை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இருப்பதாக அறிந்த இடத்தில் முதலில் மீட்டரைச் சோதிப்பர்; பிறகு வேலை செய்யவுள்ள இடத்தைச் சோதிப்பர்; மீண்டும் முதலிடத்தில் மீட்டரைச் சோதிப்பர். கருவி உயிரோடிருக்கிறதா என்று தெரிந்த பின்னரே, அது கூறுவதை அவர்கள் ஏற்கின்றனர்.

சோல்டரிங் அயன்

மின்னணு வேலைக்கு இன்றியமையாதது சோல்டரிங் அயன். 25 முதல் 40 வாட் வரையுள்ளது சிறு சுற்றுகளுக்குப் போதுமானது. தகரவேலைக்குரிய பெரிய அயன் மென்மையான உறுப்புகளைச் சுட்டுவிடும். அதனோடு சுருள்கம்பித் தாங்கி, நனைத்த பஞ்சு, உள்ளே ரோசின் பசை கொண்ட பற்றாசுக் கம்பி ஆகியவை வேண்டும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 190 டிகிரி செல்சியசில் முழுதும் உருகிவிடும். ஈயம் கலவாத வகைக்கு இன்னும் கூடுதல் வெப்பம் தேவை. குழாய் வேலைக்குரிய அமிலப் பசையை மின்னணு வேலையில் பயன்படுத்தலாகாது. அது நாளடைவில் செம்பை அரித்துவிடும்.

சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். புகையை முகர வேண்டா. கண்ணாடி அணியுங்கள். ஈயப் பற்றாசைத் தொட்ட கையைச் சோப்பினால் கழுவாமல் உணவைத் தொட வேண்டா. குழந்தைகள் தவழும் தரையில் அயனை வைப்பது பெருங்குற்றம் என்றே கொள்ளுங்கள்.

மூன்று பயிற்சிகள்

கருவி கைவரப் பழக்கம் வேண்டும். பின்வரும் மூன்று பயிற்சிகளும் மேற்கூறிய கருவிகளுள் ஒவ்வொன்றையும் பயன்படுத்த வாய்ப்பளிக்கும்.

முதற்பயிற்சி: 9 வோல்ட் மின்கலம், 470 ஓம் மின்தடை, சிவப்பு ஒளி உமிழும் எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றை வரிசையாக இணையுங்கள். விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை 470 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர். மீட்டரை வரிசையில் இணைத்து அளந்து, கணக்கும் அளவும் ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள். ஒத்து வரும்போது உண்டாகும் மகிழ்ச்சியே கல்வியின் முதற்படி.

இரண்டாம் பயிற்சி: சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, நன்கு ஆறிய சோற்றுப் பானையைத் திறக்காமலே சோதிப்பது. அதன் அடியில் 700 வாட் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 230 ஐ 230 ஆல் பெருக்கி 700 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 76 ஓம் கிடைக்கும். சமைக்கும் நிலைக்குச் சுவிட்சை அழுத்தி, பிளக்கின் தட்டையான இரு முனைகளுக்கிடையே தடையை அளந்தால் அதற்கு நெருங்கிய எண் வரவேண்டும். எண்ணே வராவிட்டால் பியூஸோ, வயரோ, உள்ளுறுப்போ அறுந்துள்ளது. அடுத்து, நீண்ட எர்த் முனைக்கும் மற்ற ஒவ்வொரு முனைக்கும் இடையே அளவுங்கள். அங்கே எவ்வித எண்ணும் வரலாகாது. வந்தால் மின்சாரம் பானையின் உடலில் கசிகிறது என்று பொருள். அப்பானையை மீண்டும் சுவரில் செருகாமல் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். இல்லத்தரசியின் உயிரைக் காக்கவல்ல சோதனை இது. செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாம் பயிற்சி: மூன்று முனைப் பிளக்கில் வயரைப் பொருத்துவது. பழுப்பு நிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். மிகப் பழைய சாதனங்களில் சிவப்பு லைவாகவும், கறுப்பு நியூட்ரலாகவும், பச்சை எர்த்தாகவும் இருக்கக் காணலாம். மூடியைக் கழற்றி, எர்த் முனை மேலே இருக்குமாறு உட்புறத்தைப் பார்த்தால், பியூஸ் உள்ள வலப்பக்கம் லைவ், இடப்பக்கம் நியூட்ரல். எர்த் கம்பியைச் சற்று நீளமாக விடுங்கள். வயரை யாரேனும் இழுத்துவிட்டால், காக்கும் கம்பி கடைசியாகத்தான் கழல வேண்டும். வயரின் வெளியுறை பிடிப்பானுக்குள் அடங்கியிருத்தல் வேண்டும்.

பியூஸையும் கணக்கிட்டே பொருத்த வேண்டும். 3 ஆம்பியர்ப் பியூஸ் 690 வாட் வரைக்கும் போதும். மேசை விளக்கிற்கும் மின்விசிறிக்கும் அதுவே தகும். மேற்கூறிய 700 வாட் பானை அந்த எல்லையைச் சற்றே தாண்டுவதால் அதற்கு 3 ஆம்பியர் போதாது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவையே பொருத்துக. 3,600 வாட் நீர் சூடேற்றியோ 230 வோல்ட்டில் ஏறத்தாழ 15.7 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர்ப் பிளக் அதைத் தாங்காது. அதற்குத் தனி வயரும் தனித் துண்டிப்பானும் அமைப்பது சான்றிதழ் பெற்றவரின் வேலை. பியூஸ் எரிந்தால் அதற்குப் பதிலாகச் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது, காவற்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இரு முனைப் பிளக்கைச் சுவரில் செருகுவதற்காக எர்த் துளையில் பேனாவையோ குச்சியையோ நுழைக்கும் பழக்கமும் நம்மிடையே உண்டு. அத்துளையின் மூடி, குழந்தைகளின் விரலையும் ஆணியையும் தடுக்க வைக்கப்பட்டது. அதைக் குச்சியால் திறந்து காட்டும் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை, நாளை ஆணியால் திறக்கும். தக்க மாற்றுப் பிளக் ஒன்றைச் சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

தொடக் கூடாதவை

திறக்கவே கூடாத சில பொருள்களும் உள. மைக்ரோவேவ் அடுப்பினுள்ளும், பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியினுள்ளும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம், சுவிட்சை அணைத்த பின்னரும் தங்கியிருக்கக்கூடும். கைப்பேசியின் லித்தியம் மின்கலத்தைக் குத்தினாலும், சூடேற்றினாலும் தீப்பற்றும். ஆர்வம் எவ்வளவு இருப்பினும் இவற்றை விட்டு விலகியிருத்தலே அறிவுடைமை.

வாங்கும் வரிசையும் பேணும் முறையும்

குடும்பச் செலவுக்கிடையே எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் வாங்க இயலாது, வாங்கவும் வேண்டா. முதல் மாதம் மல்டிமீட்டரும் இரு திருப்புளிகளும். இரண்டாம் மாதம் பக்கவெட்டுக் குறடும் வயர் உரிப்பானும். மூன்றாம் மாதம் நீள்மூக்குக் குறடும் சோல்டரிங் அயனும். எஞ்சியவை தேவை வரும்போது. இவ்வாறு வாங்கினால் ஒவ்வொரு கருவியையும் நன்கு பழகிய பின்னரே அடுத்ததைத் தொடுவோம்.

மலையின் ஈரம் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, குறட்டின் மூட்டில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். நனைந்த கருவியை அப்படியே பெட்டியில் இட்டு மூட வேண்டா. மீட்டரை நெடுநாள் பயன்படுத்தாவிடில் அதன் மின்கலத்தைக் கழற்றி வையுங்கள். இல்லையேல் அது கசிந்து உட்புறத்தைக் கெடுத்துவிடும். உறை கிழிந்த முனைக்கம்பிக்கு ஒட்டுப்போட வேண்டா, புதிதாக மாற்றுங்கள்.

கருவியிலிருந்து தொழிலுக்கு

பொழுதுபோக்காகத் தொடங்கும் இவ்வேலை ஒரு தொழிலாக வளர வழியுண்டு. மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களிலும், அங்கீகாரம் பெற்ற பிற நிலையங்களிலும் மின்துறைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2006 ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழும், எரிசக்தி ஆணையத்தின் வயரிங் தொழிலாளர் சான்றிதழும் நாடெங்கும் மதிக்கப்படுபவை. அச்சான்றிதழைப் பெற்றவர்க்குத்தான் மேலே நாம் வரைந்த மூன்றாம் எல்லையின் வாயில் முறைப்படி திறக்கிறது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகனோ மகளோ திருப்புளியும் கையுமாக அமர்ந்திருக்கக் கண்டால் கடிந்து விரட்ட வேண்டா. அருகில் அமர்ந்து, ‘சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாயா? கை உலர்ந்திருக்கிறதா? மீட்டர் என்ன காட்டுகிறது?’ என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. இவற்றிற்கு விடை கூறிப் பழகிய பிள்ளை, பின்னாளில் பிறர் வீட்டில் வேலை செய்யும்போதும் தனக்குத்தானே இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்.

நம் மலையின் ஆற்றுநீர் சுரங்கம் புகுந்து மின்சாரமாக வெளிவருகிறது. அம்மின்சாரத்தை அளந்தறிந்து ஆளும் திறமும் நம் லயத்து வீடுகளிலிருந்தே வெளிவரட்டும். அதற்கு ஒரு நல்ல மீட்டரும், உலர்ந்த கையும், எல்லையறிந்த மனமும் முதற்பொருளாக அமையட்டும்.